இரண்டாம் சுற்றில் என் கை

கட்சியில் நான் பெரிய ஆளாக இருந்ததே இல்லை. கூட்டம் என்றால் போவேன், பின்வரிசையில் உட்காருவேன், தீர்மானத்தை எழுதச் சொன்னால் எழுதுவேன். தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், கையெழுத்து சுத்தமாக இருக்கும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதுவதற்காக இல்லாமல் வாக்களிப்பதற்காகப் போனேன். அன்று நான் செய்தது சட்டப்படி சரி. இத்தனை வருஷம் கழித்தும் அந்த "சட்டப்படி" என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வார்டை ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள்: கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் வாடகைக்கு இருக்கும் தெருக்கள். அந்தப் பக்கம், கழிமுகத்தை ஒட்டி, மீனவர் குப்பம். ஓட்டு எங்கள் பக்கம்தான் அதிகம். குப்பத்துக்காரர்களை எங்கள் தெருவில் யாரும் கெடுதலாகப் பேசுவதில்லை. மீன் வாங்குவார்கள், பேரம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

அக்கா அந்தப் பக்கத்துக்காரி. கூடப் பிறந்தவள் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறவர், ஆந்திராவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் நானும் மகளும் மட்டும். மகளுக்கு ஏற்கெனவே வீசிங். இரண்டாம் நாள் அவள் மூச்சு இழுத்துக்கொண்டே போனது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டை மாடியில் நின்று கத்தினேன். தெரு முனையில் ஒரு ஃபைபர் படகு திரும்பியது. அதில் நின்றுகொண்டு ஒரு பெண் கேட்டாள்:

"இன்னாமே, இன்னாத்துக்குக் கத்துற? கொழந்திக்கி முடியலியா?"

மகளைத் தன் புடவைத் தலைப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். மெயின் ரோடு வரை படகு, அங்கிருந்து ஒரு பால் வண்டி. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி என்னோடு தரையில் படுத்திருந்தாள். அவள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது என்பதை மூன்றாம் நாள்தான் சொன்னாள்.

அவள் கழிமுகத்தில் இறால் பிடிப்பவள். வலை இல்லாமல், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். தண்ணீர் கெட்டுப்போன பிறகு அவள் விரல் இடுக்கெல்லாம் புண். அதற்காக மனு கொடுக்க ஆரம்பித்துத்தான் கட்சிக்கு வந்தாள். அவள் பின்னால் நான் வந்தேன்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், எழுத வராது. அதனால் சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வருவாள். அவள் சொல்வாள், நான் எழுதுவேன்.

"தண்ணி மேல எண்ணெ மெதக்குது. கை வச்சா அரிக்குது. எறா செத்துக் கெடக்குது. நீ வந்து ஒன் கைய வச்சிப் பாரு. எழுதிக்கினியா?"

கடைசி வரியை நான் எழுத மாட்டேன். அதிகாரிக்குக் கோபம் வரும். படித்துக் காட்டும்போது அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"கைய வச்சிப் பாருன்னு சொன்னேனே, அது எங்கமே?"

"அதை நீயே நேர்ல சொல்லுக்கா."

"சொல்றேன், சொல்றேன்." நேரில் சொல்லியும் விடுவாள். ஒருமுறை மண்டல அலுவலகத்தில் அப்படிச் சொன்னபோது ஓர் அதிகாரி உண்மையிலேயே மறுநாள் வந்து கரையில் நின்று பார்த்தார். கையை மட்டும் வைக்கவில்லை.

மாநகராட்சித் தேர்தல் அறிவிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கட்சியில் பேச்சு ஆரம்பித்தது. யாரை நிறுத்துவது? எங்களுடையது சின்னக் கட்சி. பெரிய கட்சிகளில் மேலேயிருந்து பெயர் வரும், இங்கே பிரதிநிதிகள் கூடி முடிவு செய்வார்கள். வார்டில் ஏழு கிளைகள். கிளைக்கு மூன்று பேர், மொத்தம் இருபத்தொரு பிரதிநிதிகள். கிளைக் கூட்டத்தில் ஒருவரை ஆதரிப்பது என்று தீர்மானம் போட்டுவிட்டால் அந்தக் கிளையின் மூன்று பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். சொன்னபடிதான் கை தூக்க வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் வருபவர் விலகுவார், இரண்டாம் சுற்று நடக்கும். விலகியவருக்குக் கட்டுப்பட்டிருந்தவர்கள் அப்போது விடுபட்டு யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தி அக்கா. இன்னொருவர் எங்கள் பக்கத்து வக்கீல், முப்பது வயதுக்காரர். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வாயு கசிந்து தெருவே கண் எரிந்து ஓடிய பிறகு, காசு வாங்காமல் எங்களுக்காக வழக்குப் போட்டவர். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாமவர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்கத்துக்காரர்.

எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரே சண்டை. பாதிப் பேர் அக்கா என்றார்கள், பாதிப் பேர் வக்கீல் என்றார்கள். கிளைச் செயலாளர் ஆட்டோ ஓட்டுகிறவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் என்னிடம் திரும்பிச் சொன்னார்:

"எழுதும்மா. எங்க கிளை யாருக்கும் கட்டுப்படல. மூணு பிரதிநிதிங்களும் அங்க கேட்டு, யோசிச்சி, அவங்க மனசுபடி போடலாம்."

எழுதினேன். பிறகு அந்த மூன்று பேரில் ஒருத்தியாக என் பெயரையும் நானே எழுதினேன். ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். எங்களைப் போல இன்னொரு கிளையும் யாருக்கும் கட்டுப்படாமல் விட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். விஷயம் அவளுக்கு முன்பே போயிருந்தது.

"அப்ப ஒன்ன யாரும் ஒண்ணியும் சொல்ல முடியாதா?"

"முடியாதுக்கா. யாருக்கு வேணா போடலாம்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "நல்லது. நானும் ஒண்ணியும் கேக்க மாட்டேன். பேசுறதுக்கு மட்டும் எழுதிக் குடு" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கம் கழிமுகத்தைப் பற்றி, இரண்டாம் பக்கம் எங்கள் தெருக்களைப் பற்றி: மழைநீர் வடிகால், ரேஷன் கடை, சாம்பல் படியும் காற்று. தெருக்காரர்களின் மனம் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் அவளை உட்கார வைத்துப் படிக்க வைத்தேன். நன்றாகத்தான் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் தலைமை. அக்கா நீலப் புடவை கட்டி, தலை வாரி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேசக் கூப்பிட்டதும் காகிதத்தைப் பிரித்தாள். முதல் நான்கு வரி படித்தாள். ஐந்தாவது வரியில் ஒரு சொல்லில் தடுக்கினாள். திரும்ப ஆரம்பித்தாள், திரும்பவும் அதே இடத்தில் நின்றாள். தெருப் பக்கத்துப் பிரதிநிதிகளில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவள் காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொந்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

நன்றாகப் பேசினாள். தண்ணீர் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, புண் எப்படி வருகிறது என்று கையை விரித்துக் காட்டினாள். குப்பத்துக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் பேச்சு முழுக்க கழிமுகம்தான். எங்கள் தெருக்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெருக்காரர்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பக்கம் அவள் இடுப்பிலேயே இருந்தது.

வக்கீல் பத்து நிமிடம் பேசினார். வடிகாலைப் பற்றி, குப்பத்தைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி.

முதல் சுற்றில் அக்காவுக்குக் கை தூக்கினேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அக்காவுக்கு ஒன்பது, வக்கீலுக்கு எட்டு, தொழிற்சங்கத்துக்காரருக்கு நான்கு. பதினொன்று வேண்டும், யாருக்கும் இல்லை. தொழிற்சங்கத்துக்காரர் எழுந்து கும்பிட்டுவிட்டு விலகினார். இருபது நிமிடம் டீ இடைவேளை.

அந்த இருபது நிமிடத்தில் கூடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. விலகியவருடைய நான்கு பேரையும் ஆளுக்கொரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மண்டபத்துப் பின்கட்டில், அடுப்பு மூட்டும் இடத்துக்குப் பக்கத்தில், எங்கள் கிளைச் செயலாளர் என்னிடம் வந்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லுங்கண்ணா."

"அந்தம்மா தங்கமான மன்சி. ஒம் பொண்ணக் காப்பாத்துச்சி, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா நம்ம தெருவுல ஒரு வூடு சொல்லு, குப்பத்து அம்மாவுக்குப் போடுற வூடு. ஒரு வூடு."

நான் யோசித்தேன். என் வீட்டைச் சொல்லலாம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் கணவரே "அவங்க நல்லவங்கதான், ஆனா கவுன்சிலருக்கா?" என்று கேட்டிருந்தார்.

"இங்க ஜெயிச்சி அங்க தோத்தா யாருக்கு லாபம்? ஒம் பொண்ணு இன்னிக்கும் மழக்காலம் வந்தா மூச்சுக்கு இழுக்குற பம்ப வச்சிகினு ஒக்காந்துகினு கீது. வடிகால் வரணும்னா ஜெயிக்கிறவன் வரணும். ஒன்ன யாரும் கட்டிப் போடல. நீயே யோசி."

அவர் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. பின்னால் நான் காசு வாங்கினேன் என்று சிலர் பேசினார்கள். வாங்கியிருந்தால் இதைச் சுமப்பது ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்னது நிஜம் என்று நான் நம்பினேன், அதுதான் நடந்தது.

நான் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூடத்தின் அந்தக் கோடியில் அக்கா குப்பத்துப் பெண்கள் நடுவில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள், பக்கத்தில் வரச் சொல்லி இல்லை, சும்மா. பதிலுக்கு நானும் அசைத்தேன். முப்பது அடி தூரம் இருக்கும். போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மணி அடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

இரண்டாம் சுற்றில் முதலில் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். கைகள் எழுந்தன. அக்கா முன்வரிசையிலிருந்து திரும்பி, உதடு அசைய, தானே எண்ணிக்கொண்டு வந்தாள். எங்கள் வரிசைக்கு வந்தாள். என் இரண்டு கையும் மடியில் இருந்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். பிறகு அடுத்த வரிசைக்குப் போய் எண்ணி முடித்தாள்.

பத்து. வக்கீலுக்குப் பதினொன்று.

வக்கீலுக்குக் கை தூக்கியபோது என் கை பாதிதான் எழுந்தது என்று நினைக்கிறேன். தலைமை தாங்கியவர், "கடைசி வரிசைம்மா, நல்லா தூக்குங்க, எண்ணணும்" என்றார். நன்றாகத் தூக்கினேன்.

கணக்குப் போட பெரிய படிப்பு வேண்டாம். விடுபட்ட நான்கு பேர் இரண்டு இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். மற்ற எல்லோரும் முதல் சுற்றில் போட்டபடியே போட்டார்கள். மாறியது நான் ஒருத்திதான்.

முடிந்ததும் அக்கா வக்கீலுக்குப் பொன்னாடை போட்டாள். வாசலில் என்னிடம் வந்தாள். நான் என்ன சொல்வதென்று வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"நீ நல்லாத்தான் எழுதிக் குடுத்த. நான்தான் ஒழுங்கா படிக்கல."

சொல்லிவிட்டுக் குப்பத்துப் பெண்களோடு ரயில் பாதையைத் தாண்டி நடந்து போய்விட்டாள்.

தேர்தலில் அவள் வக்கீலுக்காக உழைத்தாள். குப்பத்தில் வீடு வீடாகப் போனாள். எங்கள் தெருக்களில் ஓட்டு பல பக்கம் சிதறியது, குப்பத்து ஓட்டுதான் மொத்தமாக விழுந்தது. அதனால்தான் வக்கீல் ஜெயித்தார். அவளே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வருகிறது.

வடிகால் வந்தது. அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. அடுத்த மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் வரைதான் தண்ணீர். மகள் அந்த வருஷம் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குப்பத்துக்குக் கேட்ட வேலைகள் "அடுத்த கட்டத்தில்" என்று நின்றன. பிறகு வக்கீல் ஒரு பெரிய கட்சிக்குப் போய்விட்டார். அங்கே போனால்தான் மீதியைச் செய்ய முடியும் என்றார். அவர் நியாயமும் எனக்குப் புரிந்தது, அதுதான் வேதனை. எங்கள் சின்னக் கட்சியில் கூட்டம் குறைந்து, கிளை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது.

அக்கா என் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. சண்டை இல்லை. பஸ்ஸில் பார்த்தால் மகளை விசாரிப்பாள், நான் அவள் விரல் புண்ணை விசாரிப்பேன். மனு எழுத திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை மண்டல அலுவலகத்தில் என் வேலையாகப் போனபோது மேஜைமேல் அவள் மனுவைப் பார்த்தேன். கணினியில் அடித்தது, அவள் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள். கீழே அவள் கஷ்டப்பட்டுப் போட்ட கையெழுத்து மட்டும் சரியாக இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் குப்பத்துக்கே போனேன். அக்கா தொழிலை விட்டுவிட்டாள், இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முடி நிறைய நரைத்திருந்தது.

"வாமே, இன்னா அதிசயம்? குந்து."

உட்கார்ந்தேன். என்னென்னவோ பேசினோம். பிறகு நான் சொன்னேன்:

"அக்கா, அன்னிக்கி நான் உனக்குக் கை தூக்கல."

"அதான் பாத்தேனே."

"நீ தெருவுல ஜெயிக்க மாட்டேன்னு நெனச்சேன். அதனாலதான். வேற ஒண்ணும் இல்ல. காசு வாங்கினேன்னு சொன்னாங்களே..."

"சீ, அத நான் நம்புவனா?" முறத்தைக் கீழே வைத்தாள். "ஒன்ன யாரும் கட்டிப் போடல. நீ யாருக்கு வேணா போட்டிருக்கலாம். நான் அத ஒரு நாளும் தப்புன்னு சொல்லல."

"அப்பறம் ஏங்கா வூட்டுக்கு வர்றத நிறுத்திட்ட?"

தெருவில் ஒரு மீன்பாடி வண்டி போனது, அது போய் மறையும் வரை பார்த்தாள்.

"டீ குடிக்கிறப்ப எட்ட நின்னுகினு கைய ஆட்டினியே. அப்ப வந்து, அக்கா நீ தேற மாட்டே, தெருவுல ஒனக்கு வுழாதுன்னு சொல்லியிருந்தீன்னா, நானே எழுந்து வெலகியிருப்பேன்மே. அந்தச் சங்கத்து மன்சன் கும்புட்டுட்டு வெலகுனான் பாரு, அத்த மாரி. எல்லார் எதுருலயும் எண்ணிக்கினு தோத்திருக்க மாட்டேன். எங்கிட்டச் சொல்றதுக்கு ஒனக்கு இன்னா பயம்? நான் ஒன்னக் கடிச்சா தின்னுடுவேன்?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் ஒளிந்தேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருந்தேன். பாத்ரூமில் நின்ற நேரத்தில் அவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. என்னை அவள் எப்படிப் பார்ப்பாள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட வைத்தாள். சூடான சோறும் நெத்திலிக் குழம்பும். எதிரில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டாள், காலேஜ் என்றதும் முகம் மலர்ந்தது. கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை இருப்பதால் விரல் மரத்துப் போகிறது என்றாள். புண் மட்டும் ஆறிவிட்டதாம்.

கிளம்பும்போது தெரு முனை வரை கூட வந்தாள். எங்கள் பக்கத்தில் யாரை அனுப்பினாலும் போயிட்டு வா என்றுதான் சொல்வோம். அவளும் முன்பெல்லாம் என் வீட்டு வாசலில், "போய்ட்டு வரேன்மே" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

அன்று, "பாத்துப் போ" என்றாள்.

ஒரு வருஷம் ஆகிறது. நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.